வன்பொருள் தகவல் மென்பொருளும் கணினி முடக்கமும்

வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறி வேகம் ஆகியவற்றைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ, ஏய்டா64 போன்ற மென்பொருள்கள் வெறும் பார்வையாளர்கள் அல்ல. அளவீடுகளைப் பெற அவை விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலில் ஒரு டிரைவரை ஏற்றுகின்றன. சாதாரண செயலியில் பிழை நேர்ந்தால் அச்செயலி மட்டும் மூடும். கெர்னலில் நேர்ந்தால் நீலத்திரையோடு கணினியே நின்றுவிடும். மதர்போர்டின் எஸ்எம்பஸ் தடத்தை இரண்டு கருவிகள் ஒத்திசைவின்றி ஒரே நேரத்தில் அணுகினால், ஒன்றின் கேள்விக்கு மற்றதன் விடை வந்து சேரலாம்; அந்தக் குழப்பம் முடக்கத்திலும் முடியலாம்.

முடக்கத்துக்குப் பழுதான ரேம்தான் காரணம், மென்பொருள் அதை வெளிக்காட்ட மட்டுமே செய்கிறது என்ற மறுப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டையும் பிரித்தறிய முடியும். முடக்கத்தின்போது விண்டோஸ் சேமிக்கும் மினிடம்ப் கோப்பை விண்டிபிஜி என்ற பிழையாய்வுக் கருவியில் திறந்தால், சந்தேகத்துக்குரிய டிரைவரின் பெயர் பெரும்பாலும் தெரியும். மற்றக் கண்காணிப்புக் கருவிகளை மூடிவிட்டு, சென்சார்களை ஒவ்வொன்றாக அணைத்துச் சோதிக்க வேண்டும். மென்பொருளை முழுதும் நீக்கிய பின்னும் முடக்கம் தொடர்ந்தால், அடுத்து ஆராய வேண்டியது வன்பொருளையே.