பள்ளியும் பெற்றோரும்: ஒரு வரலாற்று நோக்கு



யூபிலி ஆண்டு வந்துவிட்டால் ஆலயக் கோபுரம், கொடிமரம், தேர், மணி ஆகியவற்றின் வரலாற்றை எழுதுவது வழக்கம். அவையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் இடம் பெற்றுள்ளன. நாம் இங்கே எழுத முற்படுவது பள்ளிக்கூடத்தைப் பற்றி. இவ்வாண்டில் பங்கு இல்லத்திற்கு வந்த பெற்றோர், நன்றி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் பெரும்பாலும் பள்ளியைப் பற்றியே சொன்னார்கள். மூத்தவள் இளையவனைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறாளாம். டீச்சருக்குப் பிள்ளையின் பாட்டி பெயர்கூடத் தெரிகிறதாம். ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் யாராவது வாசலில் நின்று விசாரிக்கிறார்களாம். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இந்த நெருக்கம் தானாக முளைத்ததன்று. நம் நாட்டில் பள்ளிக்கும் பெற்றோருக்கும் உள்ள உறவு மிக நீண்டது; எல்லாக் காலத்திலும் அழகாக இருந்தது என்றும் சொல்வதற்கில்லை.

நம் மறையின் வழியாகவே தொடங்குவோம். புனித சவேரியார் 1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. இரு மொழியும் அறிந்த சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்தார். பின்பு கையில் மணியுடன் தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். அவர் 1544ஆம் ஆண்டு சனவரியில் ரோமையிலிருந்த தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. பிள்ளைகள் கற்றதைத் தாய் தந்தையருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்ததையும், நோயாளிகள் வீட்டிற்குத் தமக்குப் பதிலாகச் சிறுவரையே செபிக்க அனுப்பியதையும் அதில் குறிப்பிடுகிறார். இதைப் பள்ளி என்று சொல்லலாமா என்று கேட்பவர் கேட்கலாம். கரும்பலகை இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. ஆனால் பிள்ளை கற்றது அன்று மாலையே வீட்டுக்குள் நுழைந்தது. இன்று எத்தனை வீடுகளில் அப்படி நுழைகிறது?

ஊர்ப்புறங்களில் இருந்தது திண்ணைப் பள்ளி. மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலையும் எழுத்தாணியும் பிடித்து, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி என்று பிள்ளைகள் மேலேறுவார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விடுமுறை. வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க அரசாங்கம் கிடையாது. பெற்றோர் தந்த காசும் நெல்லும் காய்கறியும்தான் அவர் சம்பளம். நவராத்திரியின்போது பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிச் செல்ல, வாத்தியாருக்கு வேட்டியும் பணமும் கிடைக்கும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், பிள்ளைக்குப் பிள்ளையே ஆசானாகும் இம்முறையைக் கையாண்டு பார்த்து, 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பரவியது. நம் திண்ணைக்கு இந்தப் பெருமை உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டாமா!

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டு பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் தந்த தொகுப்பின்படி மாகாணத்தில் 12,498 கல்விக்கூடங்கள், 1,88,650 மாணவர்கள். அன்றைய மக்கள்தொகையோ சுமார் 1 கோடியே 28 லட்சம். அரசின் பணமின்றி, ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒன்று என்ற அளவில் மக்களே பள்ளி நடத்தினார்கள் என்பது சிறிய செய்தியன்று.

ஆனால் அந்தத் திண்ணையில் ஏறியவர்கள் யார்? மன்றோவின் கணக்கில் சிறுமியர் 4,540 பேர் மட்டுமே. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணைப்பக்கம் இடமே இல்லை. உள்ளே இருந்தவர்கள் நெருக்கமாகத்தான் இருந்தார்கள். வெளியே நின்றவர்களைப் பற்றிய நினைவு அந்த நெருக்கத்தில் இல்லை. பிறரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்கவும் முடியாது. வடக்கன்குளம் ஆலயத்திற்குள் சாதி பிரித்து நின்ற சுவர் 1910ஆம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது. அதற்காக நீதிமன்றம் வரை வழக்கும் நடந்தது.

1854ஆம் ஆண்டு சர் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கு அரசின் உதவித்தொகை கிடைக்கலாயிற்று. கோவில் தாழ்வாரத்தில் உபதேசியார் நடத்திய வகுப்புகள் பல இடங்களில் ஓட்டுக் கட்டடப் பள்ளிகளாயின. திண்ணையில் ஏற முடியாதவர்கள் இங்கே பெஞ்சியில் அமர்ந்தார்கள். இந்த வரலாறு உங்களுக்கு ஓரளவு தெரிந்ததே. ஆகவே மேலே செல்வோம்.

பெற்றோரையும் பள்ளியையும் ஒன்றாகக் கட்டிய பெருமுயற்சி, திரு. காமராசர் முதலமைச்சராகவும் திரு. நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் நடந்தது. 1956இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுப் பணி தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது முழுக்க முழுக்க ஊராரின் கொடை. பின்னர் அரசும் பங்கேற்றது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 10 பைசா; அன்று நயா பைசா என்பார்கள். அதில் அரசின் பங்கு 6, ஊரின் பங்கு 4. இந்த 4 பைசாவைச் சேர்க்க நெல் கொடுத்தவர் உண்டு, விறகு கொடுத்தவர் உண்டு, அன்றாடம் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த தாய்மாரும் உண்டு. கோவிலுக்குப் பிடியரிசி எடுத்துவைத்துப் பழகிய நம் குடும்பங்களுக்கு இது புதிதன்று.

1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மாவட்டந்தோறும் நடந்தன. பள்ளிக்கு என்ன தேவை என்று ஆசிரியரும் ஊராரும் அமர்ந்து பட்டியல் எழுதினார்கள். தண்ணீர்ப் பானை, கடிகாரம், கரும்பலகை, தட்டு, பெஞ்சி, சீருடை, வகுப்பறை, நிலம் என்று அவரவர் சக்திக்கேற்பக் கொடுத்தார்கள். பானை வாங்கிக் கொடுத்தவர் அந்தப் பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கவாவது பள்ளிக்கு வருவாரல்லவா? வருவார். வந்தவர் ஆசிரியரோடு இரண்டு வார்த்தை பேசுவார். தன் பிள்ளையைப் பற்றிக் கேட்பார். பக்கத்தில் இருக்கும் பிள்ளை யார் என்றும் கேட்பார்.

அந்தப் பக்கத்துப் பிள்ளையில்தான் செய்தி இருக்கிறது. மதிய உணவு எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது. திண்ணைப் பள்ளி நெருக்கத்திற்கும் இந்த நெருக்கத்திற்கும் உள்ள வேறுபாடு அதுதான். அந்த வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். தாழ்த்தப்பட்ட பெண் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று சில ஊர்களில் பெற்றோர் தடுத்த செய்தி அண்மை ஆண்டுகளிலும் நாளேடுகளில் வந்தது.

1982 சூலை 1ஆம் நாள் திருச்சிக்கு அருகிலுள்ள பாப்பாக்குறிச்சியில் திரு. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபின் ஊரார் பங்கைத் திரட்ட வேண்டிய தேவை நீங்கியது. பசித்த பிள்ளைக்கு நிச்சயமான சோறு கிடைத்தது. அதை நன்றியோடு நினைக்கிறோம். 4 பைசாவோடு பெற்றோரின் காலடியும் பள்ளியில் குறைந்துவிட்டதோ என்றும் சில வேளை எண்ணுவதுண்டு. இன்று வேன் வாசலுக்கே வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளியில் இறக்குகிறது. கட்டணம் கட்டியாகிவிட்டது, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அடுத்த தெருப் பிள்ளையின் பெயர் நம் பிள்ளைக்குத் தெரியாது.

பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கூறியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றது. சிறுபான்மையோர் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கேட்கவில்லை என்பதற்காகப் பெற்றோரை வாசலிலேயே நிறுத்த நமக்கு மனமில்லை. நம் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திற்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தாய்மார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவதில்லை. அரிசி எப்படி இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறதா, மூன்று நாளாக வராத அந்தப் பெண்பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். சென்ற கூட்டத்தில் அப்படிக் கேட்டவர் அந்தப் பிள்ளைக்கு உறவும் அல்ல, ஒரே தெருவும் அல்ல.