எதனைச் சார்ந்த பாதை? உட்சேர்ப்புக் கோப்புகளில் சார்புப் பாதை விதிகளின் வரலாறு

ஒரு கோப்பு மற்றொரு கோப்பைத் தன்னுள் சேர்க்கும்போது, அதன் இடத்தை முழுமுகவரியாகச் சுட்டாமல் ஓர் இடத்திலிருந்து தொடங்கும் குறுமுகவரியாகச் சுட்டுவது சார்புப் பாதை எனப்படும். உட்சேர்ப்பு ஒரு படியோடு நின்றால் பெரும்பாலும் சிக்கல் எழுவதில்லை. 'நூல்' என்னும் கோப்புறையிலுள்ள முதன்மைக் கோப்பு, 'இயல்கள்' என்னும் உட்கோப்புறையிலிருந்து ஓர் இயலைச் சேர்க்கிறது. அவ்வியல் 'படங்கள்/வரைபடம்' என்று ஒரு கோப்பைச் சுட்டுகிறது எனக் கொள்வோம். அப்படத்தை 'நூல்/படங்கள்' என்னுமிடத்தில் தேடுவதா, 'நூல்/இயல்கள்/படங்கள்' என்னுமிடத்தில் தேடுவதா? சேர்க்கப்பட்ட பனுவல் சேர்த்த பனுவலில் கரைந்துவிடுகிறதா, தன் பிறப்பிடத்தைத் தக்கவைத்துக்கொள்கிறதா என்பதே இவ்வினாவின் உட்பொருள்.

டொனால்டு குனூத் 1982இல் மாற்றியெழுதிய டெக் அச்சுக்கோப்பு மென்பொருள் முதல் நிலைப்பாட்டைக் கொண்டது. அதன் 'இன்புட்' கட்டளை, இடம் சுட்டப்படாத கோப்பை முதலில் நடப்பு இடத்திலும் பின்னர் 'டெக்இன்புட்ஸ்' என்னும் பொதுவிடத்திலும் தேடியது. கட்டளை எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அது கருதவில்லை. குனூத் இங்குக் கோப்புறை என்னாமல் 'ஏரியா' என்றே வழங்கினார். கோப்புப் பெயரமைப்பு இயங்குதளந்தோறும் வேறுபட்டிருந்த காலம் அது. எனவே இதனைப் பிழையெனக் கொள்வது பொருந்தாது. எனினும், தன் கோப்புறையிலிருந்து தனியே தொகுக்கும்போது படத்தைக் கண்டடையும் இயல், நூலுக்குள் சேர்ந்ததும் அதனை இழந்தது. இக்குறையைக் களையவே லாடெக்கில் 'இம்போர்ட்' என்னும் தொகுப்பு பின்னர் எழுந்தது.

சி மொழியின் வரலாறு இன்னும் சிக்கலானது. 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரம், 'இன்குளூட்' கட்டளையில் மேற்கோள் குறிக்குள் வரும் பெயரைத் தேடும் முறையைத் தொகுப்பியின் விருப்பத்திற்கு விட்டது. ஜிசிசி தொகுப்பி, கட்டளை இடம்பெறும் கோப்பின் கோப்புறையை முதலில் பார்த்து, அடுத்துப் பயனர் குறித்த கோப்புறைகளுக்குச் செல்கிறது. மைக்ரோசாப்ட் தொகுப்பியோ இவ்விரண்டிற்கும் இடையில், சேர்த்த கோப்பு, அதனைச் சேர்த்த கோப்பு என மேல்நோக்கி ஒவ்வொன்றின் கோப்புறையையும் தேடுகிறது. இதனால் ஒரே பெயருடைய இரு கோப்புகள் இருக்குமாயின், ஒரே மூலநிரல் இரு தொகுப்பிகளில் இருவேறு கோப்புகளை எடுத்துக்கொள்ளக்கூடும். கோப்பு கிடைக்காவிடில் பிழைச்செய்தி வரும். தவறான கோப்பு கிடைத்தால் எச்சரிக்கை ஏதும் வராமல் போகலாம். பின்னதே பெருந்தீங்கு.

இணையம் இச்சிக்கலுக்கு 'அடிமுகவரி' என்னும் கருத்தை வழங்கியது. ராய் ஃபீல்டிங் எழுதி 1995 ஜூனில் வெளிவந்த ஆர்எஃப்சி 1808, அடிமுகவரியை நான்கு படிகளில் தேடச் சொன்னது: ஆவணத்திற்குள் கூறப்பட்டது, அதனை உள்ளடக்கிய பொருளுக்குரியது, ஆவணம் பெறப்பட்ட முகவரி, இவை இல்லாவிடில் பயன்பாட்டின் இயல்பு முகவரி. 2005இன் ஆர்எஃப்சி 3986 இவ்வரிசையை மாற்றவில்லை. இடையில் 1998இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0, புறக்கோப்பைச் சுட்டும் பாதையை அது பயன்படுத்தப்பட்ட இடத்தைக் கொண்டன்றி, அறிவிக்கப்பட்ட இடத்தைக் கொண்டே பொருள்கொள்ள வேண்டும் என்றது. பிறப்பிடமே முதன்மை என்னும் தெளிவான முடிவு இது.

2004 டிசம்பரில் பரிந்துரையான எக்ஸ்இன்குளூட் இம்முடிவை நடைமுறையின் எல்லைக்குக் கொண்டுசென்றது. சேர்க்கப்பட்ட பகுதியின் அடிமுகவரி மாறுமாயின், 'எக்ஸ்எம்எல்:பேஸ்' என்னும் பண்பினை அப்பகுதியின் தலையில் பொறிக்க வேண்டும் என்றது. பனுவல் தன் ஊர்ப்பெயரைச் சுமந்தே புது வீட்டிற்குள் நுழைகிறது எனலாம். ஆனால் இப்பண்பை எதிர்பாராத ஆவண வரையறைகள், செல்லத்தக்க ஆவணத்தையும் செல்லாததாக்கின. 'எக்ஸ்எம்எல்லின்ட்' கருவியில் இப்பொறிப்பைத் தடுக்கவே தனி விருப்பத்தேர்வு உள்ளது. மேலும், பண்பு பொறிக்கப்பட்டாலும் அதனைப் படித்தறியாத மென்பொருளுக்குப் படத்தின் பாதை பழையபடி தவறாகவே அமையும்.

பாண்டாக் மாற்றி விருப்பத்தேர்வாக வழங்கும் வழி வேறு. பல கோப்புகளை ஒன்றாக்கும்போது, இணைப்புகளிலும் படங்களிலும் உள்ள சார்புப் பாதைகளின் முன் மூலக்கோப்பின் கோப்புறையைச் சேர்த்துப் பாதையையே அது திருத்தி எழுதுகிறது. இங்கு எந்தப் பண்பும் தேவைப்படுவதில்லை. ஆனால் மூல ஆசிரியர் எழுதிய பாதை வெளியீட்டில் எஞ்சுவதுமில்லை.