தனுஷ்கோடி: ரயில் திரும்பி வராத ஊர்



நம் கொல்லிமலையில் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ஆகாய கங்கையில் விழுந்து, அய்யாறாகக் கீழே இறங்கிப் போய்விடும். கடலோரத்தில் அப்படி இல்லை. அங்கே புயல் கடலையே கரைமேல் ஏற்றிவிடும். அப்படி அழிந்த ஊர்தான் தனுஷ்கோடி.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு வளர்ந்த ஊர் அது. சென்னை எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். பிறகு மறுபடி ரயிலேறிக் கொழும்பு. ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் அங்கே இருந்தன.

1964 டிசம்பர் 22 அன்று புயல் இலங்கையின் வவுனியா பகுதியைக் கடந்து வந்தது. அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. பலத்த காற்று கடல்நீரைத் தள்ளிக்கொண்டு வரும்போது, ஆழம் குறைந்த இடத்தில் அந்த நீர் குவிந்து கரையேறும். தனுஷ்கோடியோ இரண்டு பக்கமும் கடல் உள்ள ஒடுங்கிய மணல்திட்டு. ஓடிப்போய் ஏறிக்கொள்ள ஒரு மேடு கிடையாது. பாம்பனிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு வந்த 653ஆம் எண் பயணிகள் ரயில், ஊரை நெருங்கும்போது அலையில் சிக்கியது. அதில் வந்த ஒருவரும் பிழைக்கவில்லை. புயலில் மொத்தம் 1,800 பேர் வரை இறந்ததாகச் சொல்கிறார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பாம்பன் பாலத்தின் 126 இரும்பு உத்தரங்களைக் கடல் இழுத்துப் போயிருந்தது. இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று, 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார். கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் பின்னாளில் அமைத்தவர் இவரே. ரயில் மறுபடி ஓடியது, ஆனால் ராமேஸ்வரம் வரைதான். தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தண்டவாளம் மறுபடி போடப்படவில்லை. கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறியது.

வெள்ளம் வீடுகளை ஓர் இரவில் கொண்டுபோனது. பிழைப்புக்கு வழியாக இருந்த ரயிலும் கப்பலும் திரும்பாததால் ஊர் மறுபடி எழவே இல்லை. ஒற்றை மலைப்பாதையை நம்பிப் பல காலம் வாழ்ந்த நமக்கு இது எளிதில் புரியும்.

ஆனாலும் சில மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசை போட்டு வாழ்கின்றன. 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது. போகிறவர்கள் இடிந்த தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே அந்த மக்களிடமும் நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.