விசை சில்லைச் சேர்ந்த வரலாறு

இயந்திரம் வலிமை பெற்றால் வண்டி தானே விரைந்தோடும் என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். மோட்டார் சைக்கிளின் வரலாறு காட்டும் உண்மை வேறு. இயந்திரத்திற் பிறக்கும் விசை பின்சில்லைச் சென்றடையும் வழியிலேயே அதன் இளமைக்காலத் துன்பங்களுட் பல மறைந்து கிடந்தன.

1894ஆம் ஆண்டில், ஜேர்மனியின் மியூனிக் நகரில், ஹில்டெபிராண்ட் - வுல்ஃப்முல்லர் நிறுவனத்தார் மோட்டார் சைக்கிள்களை விற்பனைக்கெனச் செய்யத் தொடங்கினர். அவற்றில், புகைவண்டியிற் போல, உந்துதண்டுகள் நேரே பின்சில்லைச் சுழற்றின. கிளச் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியே இயந்திரத்தைத் தொடக்க வேண்டும். வண்டி நின்றால் இயந்திரமும் நின்றுவிடும்.

பின்னர் வந்த வண்டிகள் பலவற்றில் வார் ஒன்று விசையைக் கடத்தியது. மழையில் நனைந்தால் அது வழுக்கும். மேட்டில் ஏறும்போது ஓட்டுபவர் மிதிகட்டையை மிதித்து உதவ வேண்டும். இயந்திரத்தைப் பெரிதாக்குவதே இதற்கு மருந்தெனக் கருதினோர் இருந்தனர். ஆனால் நோய் வேறிடத்தில் இருந்தது. பெற்றோல் இயந்திரம் விரைந்து சுழலும்போதே நிறைந்த விசையைத் தரும். மேட்டிற் சில்லு தளர்ந்தால், அதனோடு பிணைக்கப்பட்ட இயந்திரமும் தளர்ந்து வலியிழக்கும். சில்லு மெதுவாகச் சுழல, இயந்திரம் விரைந்து சுழல வழி செய்வதே தக்க பரிகாரம். அவ்வழியே பற்சில்லுப் பெட்டி, அதாவது கியர் பெட்டி.

இவ்வழக்கிற்குத் தீர்ப்பளித்தது மான் தீவு. அங்கே 1907இல் தொடங்கிய புகழ்பெற்ற ஓட்டப் போட்டியில் முதலாண்டு மிதிகட்டைகளுக்கு இடமிருந்தது. 1908இல் அவை தடுக்கப்பட்டன. 1911இல் போட்டி, சினேஃபெல் மலையைச் சார்ந்த ஏறத்தாழ 37½ மைல் நீளமான பாதைக்கு மாற்றப்பட்டது. அம்மலையேற்றத்தில் ஒற்றை வேக வண்டிகளின் குறை வெளிப்பட்டது. சங்கிலியும் இருவேகப் பெட்டியும் கொண்ட அமெரிக்க நாட்டு இந்தியன் வண்டிகள் பெரும் போட்டியின் முதல் மூன்று இடங்களையும் பெற்றன. இரண்டாவதாக வந்த பிரித்தானியர் சார்லி கொலியர், விதிக்கு மாறாக எரிபொருள் நிரப்பியமையால் நீக்கப்பட்டார் என்பதும் உண்மை. எனினும் மலை புகட்டிய பாடத்தைப் பிரித்தானியத் தொழிலாளர் மறக்கவில்லை.

ஆனால் ஒவ்வொரு பரிகாரமும் புதியதொரு குறையைப் பெற்றெடுத்தது. சங்கிலி வழுக்காது, ஆதலால் இயந்திரத்தின் அதிர்ச்சி முழுவதும் பற்களைத் தாக்கியது. 1920இல் வெளிவந்த ட்ரையம்ப் வண்டியொன்றில் அவ்வதிர்ச்சியைத் தாங்கச் சுருள்வில் அமைக்கப்பட்டது. கைநெம்பினால் வேகம் மாற்றும்போது குறி தவறினால், பற்கள் அரைகுறையாகப் பொருந்தித் தேயும். 1928இல் வெலோசெற் நிறுவனத்தின் ஹரோல்ட் வில்லிஸ், ஒருமுறை மிதித்தால் ஒருபடி மட்டுமே மாறும் கால்நெம்பை ஆக்கி இக்குறையையும் நீக்கினார்.

இவ்வரலாறு இன்றைய பழுதுபார்ப்போருக்கும் வழிகாட்டுகிறது. இயந்திரம் இரைந்தும் வண்டி வேகம் கொள்ளாவிடில், கிளச் வழுக்குகின்றது. கிளச்சை அழுத்திய பின்னும் வேகம் மாற்றும்போது பற்கள் கரகரத்தால், கிளச் முற்றாக விடுபடவில்லை. முதலிற் பார்க்க வேண்டியது அதன் கம்பியின் தளர்ச்சியையே. வண்டி விட்டுவிட்டு இழுத்தால், சங்கிலியின் தொய்வையும், பற்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்துள்ளனவா என்பதையும் நோக்க வேண்டும். பாரம் ஏறும்போது கியர் தானே கழன்றால் மட்டும், பெட்டிக்குள் பற்களோ அவற்றை நகர்த்தும் கவையோ தேய்ந்திருக்கலாம். வடித்த எண்ணெயில் உலோகத் துகள் மிகுந்திருப்பின் ஐயம் வலுக்கும்.

கம்பி, சங்கிலி, எண்ணெய் ஆகியவற்றைச் சோதித்த பின்னரே பெட்டியைத் திறத்தல் முறை. முன்னோர் இயந்திரத்தின்மீது சுமத்திய பழி பெரும்பாலும் வாருக்கே உரியதாயிருந்தது. இன்றும், ஆராயாது பெட்டியைப் பிரிப்பவர், சில நிமிடங்களில் திருத்தத்தக்க கம்பியொன்றிற்காக நாள் முழுவதையும் இழக்க நேரும்.