பத்தாயிரம் பேரில் பேசியது யார்?

சாட் சர்வர் ஒரு விசித்திரமான ஜந்து. அதில் இணைந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் எந்த நேரமும் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். நம் வீட்டு வாட்ஸப் குரூப்பையே பாருங்களேன். பெரியப்பா காலையில் ஒரு குட்மார்னிங் ரோஜாப்பூ போடுவார், அப்புறம் சாயந்திரம் வரை பேச்சு மூச்சு இருக்காது. ஆனால் ஆன்லைனில் இருக்கும் அத்தனை பேருடைய இணைப்பையும் சர்வர் திறந்தே வைத்திருக்க வேண்டும். யார் எப்போது வாய் திறப்பார் என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எத்தனை பாடுபட்டிருக்கிறார்கள் என்பதுதான் இன்றைய கதை.

ஒவ்வொரு இணைப்புக்கும் சர்வரில் ஒரு சாக்கெட் உண்டு. ஒரு சாக்கெட்டின் வாயில் காது வைத்து உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் பேசுவது கேட்காது. ஆளுக்கொரு புரோகிராம் ஓட்டலாம், மெமரி தாங்காது. இதற்குப் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1983-ல் 4.2பிஎஸ்டி யூனிக்ஸில் கொடுத்த விடைதான் செலக்ட். "இந்தச் சாக்கெட்டுகளில் எதிலாவது ஏதாவது வந்தால் என்னை எழுப்பு" என்று கெர்னலிடம் சொல்லிவிட்டுத் தூங்கலாம். முதலில் இந்தப் பட்டியலை ஒரே ஒரு முழு எண்ணின் பிட்டுகளில் அடைத்திருந்தார்கள். அன்று அது போதும் என்று பட்டிருக்கிறது!

1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினென் ஐஆர்சி எழுதினார். இணையத்தில் பலர் கூடிப் பேசும் அரட்டைக்கு அதுதான் தாத்தா. அந்த சர்வர்களை நடத்தியவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்ல, பல்கலைக்கழகங்களில் கிடைத்த இயந்திரத்தில் ஆர்வத்துக்காக ஓட்டியவர்கள். ஓரிடத்தில் சன், இன்னோரிடத்தில் டெக், வேறெங்கோ லினக்ஸ். அத்தனையிலும் ஒரே புரோகிராம் ஓட வேண்டும். செலக்ட் எங்கும் இருந்ததால் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அதன் சிக்கலைப் புரிந்துகொள்ள நம் சொசைட்டி வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஃபிளாட். ஒவ்வொரு முறையும் செக்ரட்டரி ஆயிரம் நம்பரையும் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். வாட்ச்மேன் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்து, அதே பட்டியலில் மூன்றே மூன்று இடத்தில் டிக் போட்டுத் தருவார். எந்த மூன்று என்று தெரிய செக்ரட்டரி மறுபடி ஆயிரத்தையும் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் இன்னொரு வெள்ளைத்தாள்! கூடவே உச்சவரம்பு வேறு. பல யூனிக்ஸ்களில் 1024, விண்டோஸில் சொல்லாமல் விட்டால் வெறும் 64.

சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ்காரர்களின் போல் அந்த உச்சவரம்பை நீக்கியது. கதவு தட்டுவது நிற்கவில்லை. கூட்டம் ஏற ஏற சர்வர் தட்டுவதிலேயே களைத்துப்போகும். நீங்கள் அடித்த வரி தாமதமாகப் போகும். பிங்குக்கு உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்று உங்களைக் கழற்றியும் விட்டுவிடும். 2000 வாக்கில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஊரில் இருப்பவர்களோடு சாட் செய்தவர்களுக்கு, பாதிப் பேச்சில் இணைப்பு அறுந்தால் வயிறு எப்படி எரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (எஸ்டிடி பூத் மீட்டர் இதற்கு மேல் என்று சகித்துக்கொண்டோம்.)

1999-ல் டான் கெகல் என்பவர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: சி10கே. ஒரு சர்வர் ஒரே நேரத்தில் 10,000 பேரைத் தாங்க வேண்டும், வன்பொருள் தயார், இயங்குதளம்தான் தடுக்கிறது என்பது அவர் வாதம். அடுத்த சில வருடங்களில் விடைகள் வரிசையாக வந்தன. 2000 ஜூலையில் ஃப்ரீபிஎஸ்டி 4.1-ல் ஜோனதன் லெமன் எழுதிய கேக்யூ. லினக்ஸ் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், டேவிட் லிபென்சியின் ஈபோலை 2002-ல் சோதனைப் பதிப்பில் சேர்த்தது. 2003 டிசம்பரில் 2.6 கெர்னலோடு அது எல்லோருக்கும் கிடைத்தது. இரண்டிலும் யோசனை ஒன்றுதான்: பட்டியலை ஒரே தடவை கொடு, கெர்னலே வைத்துக்கொள்ளும், பேசியவர்கள் பெயரை மட்டும் சொல்லும். வாட்ச்மேன் அறையில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் ஒரு மணி பொருத்திய மாதிரி.

இதில் ஒரு பொறி உண்டு. ஈபோலில் எட்ஜ் டிரிக்கர் என்றொரு முறை, மணி ஒரே தடவைதான் அடிக்கும். வந்ததை முழுக்கப் படிக்காமல் விட்டால், புதிதாக இன்னொன்று வரும்வரை திரும்ப அடிக்காது. செய்தி சர்வர் வாசல் வரை வந்து அங்கேயே கிடக்கும், அனுப்பியவரோ பதில் இல்லையே என்று கோபித்துக்கொண்டிருப்பார்.

விண்டோஸ் தனி வழி. 1994-ன் என்டி 3.5-லேயே ஐஓசிபி இருந்தது. அது "படிக்கத் தயார்" என்று சொல்லாது, "படித்து முடித்துவிட்டேன், இந்தா" என்று சொல்லும். சர்வர் எழுதுகிறவர் தலைகீழாக யோசிக்க வேண்டும். எனக்கு இதுதான் சரியான யோசனையாகப் படுகிறது, யூனிக்ஸ்காரர்கள் அடிக்க வந்தாலும் :-)

ஆக ஊருக்கு ஒரு பாஷை. அண்டர்நெட்டின் ஐஆர்சி சர்வர் நிரலைத் திறந்தால் செலக்ட், போல், சோலாரிஸின் டெவ்போல், கேக்யூ, ஈபோல் என்று ஐந்து என்ஜின்களுக்கு ஐந்து தனிக் கோப்புகள் இருக்கும். கம்பைல் செய்யும் இயந்திரத்துக்குத் தகுந்தவை உள்ளே போகும். மேலே இருக்கும் அரட்டைப் பகுதிக்குக் கீழே எது ஓடுகிறது என்றே தெரியாது. நீல்ஸ் புரோவோஸின் லிப்ஈவென்ட், நோட்.ஜேஎஸ்ஸோடு வந்த லிப்யூவி எல்லாம் இதே வேலையை எல்லோருக்கும் பொதுவாகச் செய்து கொடுத்தவை.

2012 ஜனவரியில் வாட்ஸப்காரர்கள் ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கும் மேல் இணைப்புகளைத் தாங்கிக் காட்டினார்கள். ஃப்ரீபிஎஸ்டி மேல், எரிக்சன் தன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவாக்கிய எர்லாங் மொழியில். கெகல் கேட்டதைப் போல 200 மடங்கு. 2019-ல் லினக்ஸ் 5.1-ல் யென்ஸ் ஆக்ஸ்போவின் ஐஓயூரிங் வந்தபோது, அதுவும் "முடித்துவிட்டேன், இந்தா" ரகமாகத்தான் இருந்தது. விண்டோஸ் வழிக்கு வந்துசேர 25 வருடம்.