கரை தேடிய கப்பலும் வீடு தேடிய மனிதரும்

ஊரை விட்டுப் பிரிந்தவனுக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருக்கும். பல்லாண்டுகள் கழிந்த பின் வந்தாலும், கோயில் வீதியிலோ குளக்கட்டிலோ அவனை அடையாளங்கண்டு, "எப்போது வந்தாய், தம்பி?" என்று வினவ ஒரு முதியவராவது இருப்பார். ஆனால், ஒரு கொள்கையையே ஊராகவும் அக்கொள்கையைச் சார்ந்தோரையே உற்றாராகவும் கொண்டு வாழ்ந்தவன், ஒருநாள் அதில் நம்பிக்கை இழந்தால் எங்கே செல்வான்? அவனை அறிந்தோர் அனைவரும் அவன் விட்டுவந்த மதிலுக்கு அப்பால் இருப்பர். மதிலுக்கு இப்பால் அவனை அறிந்தோர் எவருமிலர்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலே தோன்றிய சயன்டோலொஜி இயக்கத்தின் வரலாற்றில் இக்கேள்வி இருமுறை எழுந்தது. முதன்முறை அதனை எழுப்பியவர் அவ்வியக்கத்தைத் தோற்றுவித்தவரே. பின்னர் அதனை எழுப்பினோர், அவரைப் பின்பற்றி வந்து இடைவழியில் விலகியோர்.

எல். றொன் ஹபார்ட் 1911ஆம் ஆண்டிலே நெப்ராஸ்கா மாநிலத்திற் பிறந்தவர். சாகசக் கதைகளும் விஞ்ஞானப் புனைகதைகளும் எழுதிப் பெயர் பெற்றவர். 1950இல் அவர் வெளியிட்ட 'டயனெற்றிக்ஸ்' என்னும் நூல், மனத்தில் உறையும் பழைய வேதனைகளை வினா விடையால் அகற்றலாம் என்று கூறியது. அந்நூல் பெருந்தொகையாக விற்பனையாயிற்று. 1953ஆம் ஆண்டின் இறுதியில், அக்கருத்துக்களின் மேல் எழுந்த சயன்டோலொஜி, திருச்சபை என்ற பெயருடன் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. சாதகர் இரண்டு உலோகக் குழாய்களைக் கையிற் பிடித்திருப்பார். உடலினூடாகச் செல்லும் சிறு மின்னோட்டத்தின் மாற்றத்தை 'ஈ-மீற்றர்' என்னும் கருவியின் முள் காட்டும். வினவுபவர் அம்முள்ளின் அசைவைப் பார்த்து மேலும் வினவுவார். 'ஓடிற்றிங்' எனப்படும் இப்பயிற்சியிற் பல படிகள் உண்டு. படி உயர உயரக் கட்டணமும் உயரும்.

1959இல் ஹபார்ட், இலண்டனுக்குத் தெற்கே சசெக்ஸ் பகுதியிலுள்ள ஈஸ்ட் கிறின்ஸ்டெட் பட்டினத்திற்கு அருகே, 'செயின்ட் ஹில்' என்னும் மாளிகையை ஜெய்ப்பூர் மகாராசாவிடமிருந்து வாங்கிக் குடியேறினார். உலகின் பல திசைகளிலிருந்தும் மாணவர் அங்கு வந்தனர். நிலையான இடம் கிடைத்துவிட்டது போலத் தோன்றிற்று. அத்தோற்றம் நெடுநாள் நிலைக்கவில்லை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1965இல் ஒரு விசாரணை அறிக்கையைப் பெற்று, அவ்வாண்டிலேயே அவ்வியக்கத்தின் பயிற்சிகளைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. 1966இல் ஹபார்ட் ஆபிரிக்காவின் ரொடீசியாவிற்குச் சென்று தங்க முயன்றார். அந்நாட்டு அரசு அவருடைய அனுமதியை நீடிக்க மறுத்தமையால் சில மாதங்களில் அங்கிருந்தும் வெளியேறினார்.

நிலம் மறுத்தபோது அவர் கடலை நாடினார். 1967இல் அவர் அமைத்த அணி 'சீ ஓர்க்', அதாவது கடல் அமைப்பு, எனப் பெயர் பெற்றது. அதன் கப்பல்களுள் பெரியது 'றோயல் ஸ்கொட்மன்'. அயர்லாந்துக் கடலிலே பயணிகளையும் கால்நடைகளையும் ஏற்றிச் சென்ற அப்பழைய கலம் பின்னர் 'அப்பலோ' எனப் பெயர் மாற்றப்பட்டது. கப்பல் வேலை முன்பின் அறியாத இளைஞரும் யுவதிகளும் கடற்படையினர் போல உடையணிந்து அதனைச் செலுத்தினர். 1968இல் பிரித்தானிய அரசு, இவ்வியக்கத்திற் பயில்வதற்காக வெளிநாட்டார் நாட்டினுள் வருவதைத் தடுத்தது. அத்தடை 1980 வரை நீடித்தது. அதே 1968இல் கிரேக்க நாட்டின் கோர்பு தீவை அடைந்த கப்பல், மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டது. மொறோக்கோ, ஸ்பெயின், போர்த்துக்கல் எனத் துறைமுகத்துக்குத் துறைமுகம் அது அலைந்தது. 1974இல் மடெய்றா தீவின் புஞ்சால் துறைமுகத்திலே, உளவுக் கப்பல் என ஐயுற்ற மக்கள் அதன்மீது கல்லெறிந்தனர்.

ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1975இன் இறுதியில் அவர்கள் கரையேறிய இடம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள கிளியர்வாட்டர் என்னும் கடலோரப் பட்டினம். 1926இல் எழுந்த, பதினொரு மாடி கொண்ட 'போர்ட் ஹரிசன்' விடுதி வேறொரு பெயரில் வாங்கப்பட்டது. உண்மையான உரிமையாளர் யாரென்பது அடுத்த ஆண்டிலேதான் ஊராருக்குத் தெரியவந்தது. இடத்தைத் தேடி அலைந்தோர், இடத்திற் குடியிருந்தோருக்குத் தம் பெயரை மறைத்தே உள்ளே நுழைந்தனர். அதனால் விளைந்த ஐயம் அந்நகரத்தை விட்டு நெடுங்காலம் அகலவில்லை.

தலைவருக்குக் கரை கிடைத்தது. தொண்டரின் நிலை வேறாக இருந்தது.

சீ ஓர்க் அணியிற் சேர்வோர் நூறு கோடி ஆண்டுகளுக்குப் பணி செய்வதாக ஒப்பந்தத்திற் கையெழுத்திடுவர். உயிர் பிறவிதோறும் தொடரும் என்பது அவர்தம் நம்பிக்கையாதலின், அஃது ஒரு சமய விரதமே என்று அமைப்பு கூறுகின்றது. அங்கத்தவருக்கு உறைவிடமும் உணவும் உடையும் அமைப்பே வழங்கும். கையிற் கிடைப்பது வாரத்திற்கு ஒரு சிறு தொகை. பலர் பதின்ம வயதிலேயே பாடசாலையை விட்டுச் சேர்ந்தனர். கணவனையும் மனைவியையும் அங்கேயே கண்டனர். தொழிலும் அங்கே, நட்பும் அங்கே, இறுதிக் காலத்தில் தாங்குவோரும் அங்கேயே. வெளியுலகில் ஒரு மனிதன் நாற்பது ஆண்டுகளில் ஐந்தாறு இடங்களிற் சிறிது சிறிதாகத் தேடிக்கொள்வன எல்லாம் இங்கே ஒரே கூரையின்கீழ்த் திரண்டிருந்தன. உள்ளே இருக்கும் வரை அது பெரும் வசதி. வெளியேறும் நாளில் அனைத்தும் ஒருங்கே கைவிட்டுப் போயின. ஒப்பந்தத்தை முறித்தவர் பெற்ற பயிற்சிகளுக்கெல்லாம் கட்டணம் கணக்கிட்டு ஒரு கடன் பட்டியலும் நீட்டப்பட்டது.

இவற்றினும் கொடியது உறவு துண்டித்தல். இயக்கத்தின் பகைவர் எனக் கருதப்படுவோருடன் அங்கத்தவர் தொடர்பை அறுத்துக்கொள்ள வேண்டுமென்ற விதி 1965இல் எழுந்தது. உலகின் கண்டனத்துக்குப் பின் 1968இல் அது கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 1983இல் மீண்டும் உயிர்பெற்றது. இது தனிமனிதரின் சொந்த முடிவென்றும், எவரும் கட்டாயப்படுத்தப்படுவதில்லையென்றும் அமைப்பு கூறி வருகின்றது. விலகியோர் கூறுவது வேறு. தாய் மகளுடன் பேசாதிருந்ததையும், மகன் தந்தையின் கடிதத்தைத் திறவாமலே திருப்பி அனுப்பியதையும் அவர்கள் தம் நூல்களில் எழுதிவைத்துள்ளனர்.

அவ்விதி 1983இல் மீண்டது தற்செயலன்று. 1977இல் அமெரிக்க மத்திய புலனாய்வாளர் இயக்கத்தின் அலுவலகங்களைச் சோதனையிட்டனர். அரசாங்க ஆவணங்களைக் களவாடிய சதியில் ஹபார்ட்டின் மனைவி உட்பட உயர்நிலையினர் பலர் 1979இற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1980இல் ஹபார்ட் பொதுவாழ்விலிருந்து மறைந்து வாழத் தொடங்கினார். 1986 சனவரியிற் காலமானார். இடைப்பட்ட காலத்தில் இளந்தலைமுறை ஒன்று அதிகாரத்தைக் கைப்பற்ற, மூத்தோர் பலர் நீக்கப்பட்டனர். வேறு பலர் தாமே விலகினர். அமைப்பின் வரலாற்றில் முதற் பெரும் வெளியேற்றம் அதுவே.

அவ்வாறு விலகியோர் எங்கே வாழ்ந்தனர் என்பதை நோக்கின் ஒரு வியப்பு தோன்றும். அவருட் சிலர் ஈஸ்ட் கிறின்ஸ்டெட்டை விட்டு நீங்கவேயில்லை. செயின்ட் ஹில் மாளிகைக்குச் செல்லும் வீதியை நாடோறும் கடந்து, முன்னாள் தோழரைக் கடைவாயிலிற் காணும்போது முகந்திருப்பப்படுவதைத் தாங்கிக்கொண்டு, அங்கேயே வாழ்ந்தனர். 1974இற் சேர்ந்து 1983இல் விலகிய ஜோன் அட்டக் என்பவர் அத்தகையோருள் ஒருவர். விலகியோர் பலரைச் சந்தித்து, அவர்தம் சாட்சியங்களையும் ஆவணங்களையும் திரட்டி, 1990இல் இயக்கத்தின் விரிவான வரலாறொன்றை அவர் வெளியிட்டார்.

அப்பட்டினத்துக்கு இதற்கும் முற்பட்ட வேறொரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் எரிகாயமுற்று முகமிழந்த விமானப்படை வீரரைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஆர்ச்சிபால்ட் மக்கின்டோ அங்குள்ள மருத்துவமனையிலே குணப்படுத்தினார். அவர்களை விருந்துக்கும் விளையாட்டுக்கும் அழைக்குமாறு ஊராரை வேண்டினார். ஊரார் அவ்வாறே செய்தமையால், 'உற்றுப் பாராத ஊர்' என்று அப்பட்டினம் பெயர் பெற்றது. காயமுற்றவனுக்கு மருந்தளிப்பது மருத்துவர் தொழில். அவனை அருகிருத்தி இயல்பாகப் பேசுவதோ அயலாரின் தொழில். கொள்கையால் முறிவுற்றோருக்கும் இவ்விரண்டும் வேண்டியிருந்தன.

கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேறொரு முயற்சி நிகழ்ந்தது. ஹபார்ட்டுக்கே ஓடிற்றிங் செய்தவரான டேவிட் மேயோ 1983இல் நீக்கப்பட்டபின், கலிபோர்னியாவின் சான்ரா பார்பராவில் ஒரு தனி நிலையத்தை ஆரம்பித்தார். தலைமையை வெறுத்தாலும் பயிற்சியை வெறுக்காத பழைய தோழர் பலர் அவரை நாடி அங்கு சென்றனர். அவர்கள் தேடியது பயிற்சியை மாத்திரமா, அன்றித் தம் மொழியை அறிந்த மனிதரையுமா என்பது எண்ணத்தக்கது. வழக்குகளின் சுமையால் அந்நிலையம் சில ஆண்டுகளிலே மூடப்பட்டது.

பின்வந்த வெளியேற்றங்களிலும் இதே தேட்டம் காணப்படுகின்றது. மைக் றின்டர் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரிலே வளர்ந்தவர். சிறுவயது முதல் இயக்கத்திலிருந்தவர். அப்பலோ கப்பலிற் பணிபுரிந்தவர். பிற்காலத்தில் அமைப்பின் சார்பில் உலகத்தோடு பேசும் உயர்பதவி வகித்தவர். 2007இல் அவர் இலண்டன் நகரிலே பணியிலிருந்தபடியே வெளியேறினார். மனைவியும் இரு பிள்ளைகளும் உள்ளேயே நின்றனர். அவரோடு தொடர்பை அறுத்தனர். பின்னாளில் அவர் வாழத் தேர்ந்த இடம், எவரும் எதிர்பாராத வகையில், கிளியர்வாட்டருக்கு அண்மையில் அமைந்தது. 2010இல் மகனைக் காண அமைப்பின் வளாகத்துக்குச் சென்று, காண இயலாமலே திரும்பினார். அங்கே அவர் மறுமணஞ் செய்து புதிய இல்லம் அமைத்தார். 2025 சனவரியிற் காலமானார்.

விலகியோர் ஒன்றுகூடும்போது, எங்கே குடியிருப்பது என்ற பேச்சு எழுவது இயல்பு. அவர்தம் வாழ்க்கைகளை நோக்கின் மூவகை விடைகள் தெரிகின்றன. முதலாவது, தொலைவுக்குச் சென்று, எவரும் பழைய பெயரால் அழையாத ஊரிலே புதிதாகத் தொடங்குவது. அங்கே அமைதி உண்டு. ஆனால் கடந்த இருபது ஆண்டுகள் என்ன செய்தாய் என்று அயலார் கேட்டால் விடை சொல்வது கடினம். இரண்டாவது, பழைய இடத்தின் அருகிலேயே தங்குவது. அங்கே வேதனை உண்டு. ஆனால் பிரிந்த பிள்ளை என்றேனும் கதவைத் தட்டினால் திறப்பதற்கு ஆளிருக்கும். மூன்றாவது, விலகிய தோழர் எங்கே உளரோ அங்கே செல்வது. ஒருவர் நினைவிலிருந்து நழுவியதை மற்றவர் எடுத்துத் தருவர். கப்பற்றளத்தில் உறக்கமின்றிப் பணிசெய்த இரவுகளையும், அக்காலத்து உண்மையான மகிழ்ச்சிகளையும், வெட்கமின்றிப் பேச இயலும் இடம் அதுவே.

இம்மூன்றாவது விடைக்கு அண்மைக் காலத்தில் ஒரு நிறுவன வடிவமும் கிடைத்தது. விலகி வருவோருக்கு உறைவிடம், தொழில், கல்வி ஆகியவற்றுக்கு உதவும் பொருட்டு, 2017இல் 'ஆப்டர்மத் பவுண்டேஷன்' என்னும் அறநிலையம் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. முன்னாள் அங்கத்தவரே அதில் முன்னின்றனர். தமக்கு முன்னர் எவரும் செய்யாத உதவியைத் தமக்குப் பின் வருவோருக்கு அவர்கள் செய்யத் தொடங்கினர்.

கப்பலுக்குக் கரை தேடிய தலைவர் துறைமுகங்களையும் மாளிகைகளையும் விடுதிகளையும் தேடினார். அவற்றைப் பெற்றும், இறுதியாண்டுகளை ஒளிந்தே கழித்தார். அவரை விட்டு நீங்கியோர் வாடகை அறையிலும் நண்பர் வீட்டுத் திண்ணையிலும் தொடங்கினர். எனினும், "எப்போது வந்தாய்?" என்று கேட்பார் ஒருவரைக் கண்ட இடத்திலே அவருட் பலர் வேரூன்றினர்.