ஆர்க்டிக் ஆளுகையும் உருகும் கடற்பனியும்

வட துருவத்தைச் சூழ்ந்த கடலையும் கரைகளையும் யார், எந்த விதிப்படி நிர்வகிப்பது என்பது பற்றிய சட்டங்கள், உடன்படிக்கைகள், அமைப்புகள் ஆகியவற்றின் தொகுதியே ஆர்க்டிக் ஆளுகை. தென் துருவம் கடல் சூழ்ந்த நிலம். 1959-இல் கையெழுத்தான அண்டார்க்டிகா ஒப்பந்தம் அதற்குக் குடை பிடிக்கிறது. வட துருவமோ நிலம் சூழ்ந்த கடல். அதற்கு அப்படி ஓர் ஒப்பந்தம் கிடையாது. நெடுங்காலம் அதன் தேவையும் எழவில்லை. ஆண்டு முழுவதும் உறைந்து கிடந்த பனியே வேலியாக இருந்தது. வேலி மெலிய மெலியத்தான் எழுத்தில் விதிகள் வேண்டியிருந்தன.

முதல் பெரிய சச்சரவுக்குக் காரணம் வெப்பம் அல்ல, எண்ணெய். 1968-இல் அலாஸ்காவின் புருதோ விரிகுடாவில் எண்ணெய் வளம் தெரிய வந்தது. அதைக் கிழக்குக் கரைக்குக் கடல்வழியே கொண்டுவர முடியுமா என்று பார்க்க, 1969-இல் மான்ஹாட்டன் என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பலின் முகப்பைப் பனி உடைப்பதற்கு ஏற்றபடி மாற்றி, கனடாவின் தீவுக்கூட்டத்துக்கு ஊடாகச் செல்லும் வடமேற்குக் கடல்வழியில் அனுப்பினார்கள். மக்ளூர் நீரிணையில் பனி அதை இறுகப் பிடித்துக்கொண்டது. கனடாவின் பனியுடைப்புக் கப்பலான ஜான் ஏ. மக்டொனால்ட் உதவிக்கு இருந்ததால் மீண்டு, வேறொரு நீரிணை வழியே அலாஸ்கா போய்ச் சேர்ந்தது. அங்கே அடையாளத்துக்காக அதில் ஏற்றப்பட்டது ஒரே ஒரு பீப்பாய் எண்ணெய். புருதோ எண்ணெய் பின்னாளில் தரைவழிக் குழாயில்தான் போனது. வணிகத்தில் தோற்ற அந்தப் பயணம் சட்டத்தில் அலையைக் கிளப்பிவிட்டது. அந்த வழி எல்லோருக்கும் பொதுவான பன்னாட்டு நீரிணை என்றது அமெரிக்கா. தன் வீட்டு முற்றம் என்றது கனடா. கனடியப் பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசு 1970-இல் ஆர்க்டிக் கடல்நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றி, கரையிலிருந்து 100 கடல் மைல் வரை வரும் கப்பல்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது.

அதன் வழித்தோன்றல்தான் 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் உள்ள 234-ஆவது பிரிவு. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்க, கரையோர நாடு தன் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்துக்குள் தனி விதிகளை வகுக்கலாம் என்கிறது இது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஆண்டின் பெரும்பகுதி பனி மூடியிருக்கும் பரப்புகளுக்கே இந்த உரிமை பொருந்தும். ஆர்க்டிக் சட்டங்களில் இதைவிட விசித்திரமான வாசகம் இல்லை என்றே சொல்லலாம். அதிகாரம் பனியைக் காட்டிப் பெறப்பட்டது. அந்தப் பனியோ ஆண்டுக்கு ஆண்டு சீக்கிரமே உருகி, தாமதமாகவே உறைகிறது. சைபீரியக் கரையோர வடகடல் வழியில் செல்லும் கப்பல்கள் முன் அனுமதி பெற வேண்டும் என்ற ரஷ்ய விதிக்கும் இந்தப் பிரிவுதான் ஊன்றுகோல். ஆறு மாதத்துக்கு மேல் நீர் திறந்து கிடந்தால் கோல் எதன்மேல் ஊன்றி நிற்கும் என்று சட்ட அறிஞர்கள் இப்போதே வாதாடுகிறார்கள்.

பனிப்போரின் நடுவிலும் பனிக்கரடிகளைக் காக்க ஐந்து நாடுகள் 1973-இல் உடன்பட்டன. 1987-இல் மூர்மான்ஸ்க் நகரில் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் ஆர்க்டிக்கை அமைதி வட்டாரமாக்க அழைத்தார். 1996-இல் ஒட்டாவா பிரகடனத்தின் மூலம் ஆர்க்டிக் மன்றம் பிறந்தது. உறுப்பு நாடுகள் எட்டு. இனூயிட், சாமி உள்ளிட்ட பழங்குடி மக்களின் அமைப்புகளுக்கு (இன்று அவை ஆறு) நிரந்தரப் பங்கேற்பாளர் இடம் தரப்பட்டது. அரசுகளின் மேசையில் அவர்களுக்கும் நாற்காலி கிடைத்தது பெரிய செய்தி. இராணுவப் பாதுகாப்பைப் பற்றி மன்றம் பேசக் கூடாது என்பது பிரகடனத்தின் அடிக்குறிப்பிலேயே உள்ளது.

உலகின் மற்றப் பகுதிகளைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் ஆர்க்டிக் சூடாகிறது என்பதை மன்றத்தின் 2004-ஆம் ஆண்டு மதிப்பீடு எடுத்துக்காட்டியது. மறு ஆண்டே இனூயிட் தலைவர் ஷீலா வாட்-க்ளூட்டியே, அமெரிக்காவின் புகை வெளியேற்றம் தம் மக்களின் மனித உரிமைகளைப் பறிக்கிறது என்று அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை ஆணையத்தில் மனுக் கொடுத்தார். எந்தப் பனி தாங்கும், எது உடையும் என்று பரம்பரையாக அறிந்திருந்த வேட்டைக்காரர்களின் கணிப்பே பொய்த்துப் போகிறது என்பது மனுவின் சாரங்களில் ஒன்று. ஆணையம் மனுவை விசாரணைக்கு ஏற்கவில்லை.

2007 ஆகஸ்டில் ரஷ்யர்கள் நீர்மூழ்கியில் இறங்கி, வட துருவத்தின் அடியில், 4,000 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் டைட்டானியக் கொடியை நட்டார்கள். சட்டப்படி அதற்குச் சல்லிக் காசு மதிப்பில்லை. ஆனாலும் உலகம் பதறியது. கரையோர நாடுகள் ஐந்தும் 2008-இல் கிரீன்லாந்தின் இலுலிஸாட்டில் கூடி, கடல் சட்டமே போதும், புது ஒப்பந்தம் தேவையில்லை என்று அறிவித்தன. 2012 செப்டம்பரில் கடற்பனியின் பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் கணக்கில் அதுவே இதுவரையிலான மிகக் குறைந்த அளவு. மறு ஆண்டு இந்தியாவும் சீனாவும் மன்றத்தில் பார்வையாளர்கள் ஆயின. பருவமழைக்கும் ஆர்க்டிக்குக்கும் உள்ள தொடர்பை இந்தியா காரணம் காட்டுவது வெறும் பேச்சல்ல: சென்னையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த இண்டார்க் என்ற கருவித் தொகுதி 2014-இல் ஸ்வால்பார்டின் காங்ஸ் நீர்க்கழியில் இறக்கப்பட்டது.

அண்மைக் காலத்தின் தெளிவான சாதனை, 2018-இல் அதே இலுலிஸாட்டில் கையெழுத்தான மீன்பிடித் தடை உடன்படிக்கை. நடு ஆர்க்டிக்கில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத 28 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலில் அதுவரை வணிக மீன்பிடிப்பே நடந்ததில்லை. வலை விழுவதற்கு முன்பே தடை வந்தது அபூர்வம். சீனா, ஜப்பான், தென் கொரியா, ஐஸ்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவையும் இதில் சேர்ந்தன.

மன்றம் அந்த அளவுக்கு ஒற்றுமை காட்டவில்லை. 2019-இல் ரொவானியேமி கூட்டத்தில் காலநிலை மாற்றம் என்ற சொல்லுக்கே அமெரிக்கா மறுப்புச் சொன்னதால், மன்ற வரலாற்றில் முதன்முறையாகக் கூட்டறிக்கை வெளிவரவில்லை. 2022 மார்ச்சில், உக்ரைன் போரைக் காரணம் காட்டி, ரஷ்யாவின் தலைமையில் நடக்கும் கூட்டங்களுக்கு வர மற்ற ஏழு நாடுகளும் மறுத்தன. ஆர்க்டிக் கடற்கரையில் பாதிக்கு மேல் ரஷ்யாவினுடையது. 2023-இல் தலைமை நார்வேக்கும், 2025-இல் டென்மார்க்குக்கும் மாறியது.

மீன்பிடித் தடை 2021 ஜூன் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் தவணை 16 ஆண்டு. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகத் தானே நீளும். உறுப்பினர்களில் ஒருவர் மறுப்புத் தெரிவித்தாலும் நீளாது.